ஹில்டா டீச்சர் வீட்டில் தங்கிய அடையாறு

1984-ஆம் வருஷம் புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, முடிச்சூர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அடையாறு எழுந்து கரையேறி, இரண்டு தெரு தாண்டி, ஹில்டா டீச்சர் வீட்டுப் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. டீச்சர் அப்போது தாம்பரத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே மடித்து வைத்த புடவை மாதிரி ஆறு கிடந்தது. ஐம்பது வயதுவரை தனியாகவே இருந்து பழகியவர் அவர். சற்று யோசித்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து உள்ளே வைத்து ஆற்றுக்கு இடம் விட்டார். அவ்வளவு தண்ணீர் அரை கிரவுண்டில் எப்படி அடங்கியது என்று கேட்டவர்களுக்குப் பின்கதவைத் திறந்து காட்டினார். கெண்டைகள் இருந்தன, நாணல் இருந்தது, டி.வி. ஆன்டெனாவில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் டேப் பிடித்து அளந்து, ஆறு முழுசாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்.

ஆறு ஏன் எழுந்து வந்தது என்பதில் ஊருக்குச் சந்தேகம் இல்லை. முனிரத்தினம் அந்தக் கரையில் நெல் விளைத்த குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றபின் லாரி வாங்கி, இடிக்கிற வீடுகளின் செங்கல்லையும் காரையையும் கொண்டுவந்து ஐந்து வருஷமாக ஆற்றில் கொட்டிவந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கறிக்கடைக் கழிவையும் கிழிந்த மெத்தைகளையும் கொண்டுவந்து போட்டார்கள். ஆறு போனதில் முனிரத்தினத்துக்கு முதலில் சந்தோஷம்தான். காய்ந்த படுகையில் மனைக்கல் நட்டார். மூன்றாம் மாதம் அவர் வீடு உட்பட ஊரின் எல்லாக் கிணறுகளும் வற்றின. மனைவி பொன்னியம்மாளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், ஆத்த அனுப்பி வுடுங்க. குடிக்கத் தண்ணி இல்லாம ஊரே பேஜாரா கீது."

"நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்? கதவு தெறந்துதான் இருக்கு. அது போய்ப் படுக்க அங்க எடம் எங்க இருக்கு?" என்றார் டீச்சர்.

முனிரத்தினம் வீட்டுக்குப் போய்விட்டார். பொன்னியம்மாள் அங்கிருந்தே நேராகப் படுகையில் இறங்கினாள். அன்றைக்குத் தனி ஆளாக இருபத்தோரு கூடை குப்பை வாரினாள். மறுநாள் கரையில் வந்து நின்ற புருஷனைப் பார்த்து, "கொட்டத் தெரிஞ்சுதில்ல? வாரத் தெரியாதாய்யா? புடி மம்டிய" என்றாள். அவர் முதலில் தான் நட்ட கற்களைப் பிடுங்கினார். பிறகு அதே லாரியில் அதே செங்கல்லை ஏற்றிக் கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். தபாலாபீஸ் லாசரஸ், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முப்பது பேரை அழைத்து வந்தார். பீர்க்கன்கரணையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஐந்து வருஷம் கொட்டியதை வார ஆறு வருஷம் ஆயிற்று.

நடுவில், 1987 கோடையில், ஆறு வேட்டிக்கரை அகலத்துக்கு மெலிந்துவிட்டது. டீச்சர் ஈரச் சாக்கு போர்த்தினார். பொன்னியம்மாள் தண்ணீர் லாரி வரிசையில் நின்று பிடித்த இரண்டு குடத்தில் ஒன்றைத் தினமும் அதற்கு ஊற்றினாள். ஒரு மத்தியானம் முனிரத்தினம் வந்து ஆற்றின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு தயங்கித் தயங்கித் தண்ணீரில் கையை வைத்தார். ஆறு விலகவில்லை. அவர் அழுததை டீச்சர் பார்த்தார், யாரிடமும் சொல்லவில்லை.

1990 ஐப்பசியில் படுகையில் மணல் தெரிந்தது. கரையில் நட்ட புங்கங்கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்திருந்தன. ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆறு எழுந்து, பெரிய மனிதர் போல முன்வாசல் வழியாகவே கிளம்பியது. தாம்பரம் பஸ்ஸைக் கண்டக்டர் விசில் கொடுத்து நிறுத்தினார். எந்த வீட்டுப் படியும் நனையவில்லை. படுகையில் இறங்கி, ஒருமுறை புரண்டு படுத்து, திருநீர்மலைப் பக்கம் ஓடத் தொடங்கியது. மூன்றாம் நாள் கிணறுகளில் ஊற்றெடுத்தது.

அதன்பின் கரையில் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். 1995-இல் வெளியூர் லாரி ஒன்று குப்பையோடு வந்தபோது, முனிரத்தினம் அதன் சக்கரத்துக்கு முன்னால் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். லாரி திரும்பிப் போயிற்று. ஒவ்வொரு மே மாதமும், பள்ளி விடுமுறையில், இரண்டு நாள் படுகை காலியாகக் கிடக்கும். அந்த வழியாகப் போகிறவர்கள் மணலைப் பார்த்துவிட்டு, "டீச்சர் வூட்டுக்குப் போயிகீது" என்று சொல்லிக்கொண்டு நடப்பார்கள்.