சுவரிடம் சொன்னது

"சுவத்தப் பாத்துச் சொன்னா எனக்கு எப்படி மதினி விளங்கும்? எப்பவும்போல குத்திக்காட்டுதீகன்னு நெனச்சேன்."

"பொகை வருதுன்னா அது குத்தலாத் தெரியுதாக்கும்?"

"போன வாரம் 'இந்த ரூம்ல பொய் நாறுது'ன்னு அதே சுவத்துக்கிட்டத்தான சொன்னீக."

கற்பகத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, பாதியில் நின்றது. கட்டிலில் கிடந்த முருகேஸ்வரியின் இரண்டு கைகளும் முழங்கைவரை வெள்ளைத் துணிக்குள் இருந்தன. சாத்தூர் ஆஸ்பத்திரியில் இது மூன்றாம் நாள்.

பட்டாசு ஆலையில் ஒரே அறையில் வேலை பார்த்தும் இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. கற்பகத்தின் மகள் ஹர்ஷினியைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம், பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்று முருகேஸ்வரி பொய் சொல்லிவிட்டாள். சம்பந்தம் நின்றுபோனது. பிறகு வெம்பக்கோட்டையில் நல்ல இடம் அமைந்து, ஹர்ஷினி கைக்குழந்தையோடு அந்தப் பேச்சையே மறந்துவிட்டாள். கற்பகம்தான் படுத்தாலும் எழுந்தாலும் அதையே மென்றுகொண்டிருந்தாள். நெஞ்செரிச்சல் என்று போனபோது, குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

வேலைக்கு வேண்டிய பேச்செல்லாம் நடுவில் உட்காரும் பாண்டிமீனா வழியாகத்தான் போகும். "மீனா, தட்ட நகட்டச் சொல்லு." இரண்டடி தூரத்துக்கு ஒரு தபால்காரி. திங்கட்கிழமை அவள் லீவு. சனிக்கிழமை மிச்சம் வைத்த வெடிமருந்து ஈரம் கோத்து, மூலையில் புகைவதைக் கற்பகம்தான் கண்டாள். பேரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். மூன்று வருஷம் சொல்லாத பேர் தொண்டையை விட்டு வரவில்லை. சுவரிடம் சொன்னாள். முருகேஸ்வரி திரும்பவில்லை. அப்புறம்தான் கற்பகம் எட்டி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் வாசலைத் தாண்டவும் அறை வெடித்தது. முருகேஸ்வரி கைகளால் மூடிக்கொண்டதால் முகம் தப்பியது.

கற்பகம் காப்பியை ஆற்றி அவள் வாயருகே பிடித்தாள்.

"முருகு," என்றாள். எவ்வளவு லேசாக வந்துவிட்டது. "அன்னைக்கு இத ஒழுங்காச் சொல்லியிருந்தா உன் கை வெந்திருக்காது."

"என் வாய் சும்மா இருந்திருந்தா நீங்க சுவத்துக்கிட்டப் பேசியிருக்க மாட்டீக."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"எம்மகளுக்கு ஒண்ணும் அமையலைங்கிற வயித்தெரிச்சல் மதினி. வேறென்ன."

இந்த இடத்தில் சொல்வதற்கென்று மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கற்பகம் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. முருகேஸ்வரியின் தாடையில் வழிந்த காப்பியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"மதினி."

"என்ன?"

"ஹர்ஷினிக்குப் போன் போட்டு எங்காதுல வைங்களேன். என்னால பிடிக்க முடியாது. அவகிட்டயும் நானே சொல்லணும்."