மூன்றாவது ஓலை

1

இந்தக் கதை கோவிலில் பிறந்தது. சொல்லவே கூசுகிறது. எங்கள் குளச்சல் பக்கம் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று. வழக்கமாக அடுத்த வீட்டுக்காரன்தான் போய்ச் சொல்வான். இதில் பெண்ணைப் பெற்றவனே போகிறான்.

2

முதல் தொடக்கம்: ‘அன்று கடல் அமைதியாக’ [வேண்டாம். அன்று கடலை யார் பார்த்தார்கள்?]

இரண்டாவது: பெண்ணைப் பெற்றவன் சிலுவை. அவன் அக்கா குளோரி ஹூஸ்டனில் நர்ஸ். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த கையோடு, 2004இல், தம்பி குடும்பத்தை அழைக்க மனுப் போட்டாள். பதினான்கு வருடமாகப் பதிலே இல்லை. இனி எங்கே வரப்போகிறது என்று சிலுவை மகள் அஜிதாவை பிபினுக்குப் பேசி முடித்தான். பையன் போட் மெக்கானிக். அவளுக்கும் பிடித்த பையன். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அப்போதுதான் அக்காவின் போன் வந்தது.

“மக்கா, விசா இன்டர்வியூ வந்தாச்சு! ஆனா கெட்டிக் குடுத்த பிள்ளைய சேக்க மாட்டாவ. கல்யாணத்த நிறுத்துலே. கூடப்பெறந்தவங்கள கூப்பிடுக சட்டத்தையே எடுக்கப் போறாவளாம். நம்ம நெறத்து ஆளுவ இங்க கூடிப்போச்சாம்.”

(இடைக்குறிப்பு: நிறம் பார்த்துத் தலை எண்ணுகிறார்களே என்று சிலுவைக்கு ஆத்திரம். மாப்பிள்ளை தேடும்போது இவன் எதையெல்லாம் பார்த்து யாரையெல்லாம் கழித்தான் என்பதை நான் எழுதவில்லை.)

3

“மூணாவது ஓலைய வாசிக்காண்டாம், சாமி” என்றான் சிலுவை பங்குத்தந்தையிடம்.

“ஏன்? பையனுக்கு வேற தொடுப்பு உண்டா?”

“இல்ல.”

“பிள்ளைக்கு இஷ்டமில்லியா?”

“அவளுக்கு இஷ்டந்தான்.”

“பின்ன என்ன தடைண்ணு எழுதட்டு? அமெரிக்காண்ணா?”

சிலுவை தலையைக் குனிந்து

[முடிக்க வரவில்லை. சிலுவை என்று யாரும் இல்லை. சாமி முன்னால் நின்றவன் நான். அஜிதா என் மகள். மானங்கெட்டவன், கதையில்கூட அடுத்தவன் பெயரை மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.]

4

முடிவு ஒன்று: ஓலை வாசிக்கப்படுகிறது. நானும் மனைவியும் மகளை விட்டுவிட்டு விமானம் ஏறுகிறோம்.

இரண்டு: வாசிக்கப்படவில்லை. ஹூஸ்டனில் ஒரே வீட்டில் அவள் என்னோடு பேசாமல் இருக்கிறாள்.

மூன்று: யாரும் போகவில்லை. [அடித்துவிட்டேன். மகளுக்காக என்று சாமியிடம் சொன்னேன். பொய். போக ஆசை எனக்குத்தான்.]

5

சாமி கடைசியாகச் சொன்னது இது: “நிறுத்தணும்ணா காலையில பூசைக்கு முந்தி நீரே வந்து சொல்லும். வரலேண்ணா வாசிச்சிருவேன்.”

நாளை ஞாயிறு. போன் வந்தது அஜிதாவுக்குத் தெரியாது. பூசைக்குக் கட்ட வேண்டிய சேலையை அடுத்த அறையில் இஸ்திரி போடுகிறாள். இப்போது வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

“என்னப்பா எழுதுதிய?”

“கதை.”

“கல்யாணக் கதையா? கடைசில கெட்டுதாவளா?”

வாசிக்கிற நீங்களே சொல்லுங்கள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.