இருபத்தேழு கைகளில் வீங்கிய ஊசி

கிட்டே வாருங்கள் பிள்ளைகளே, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். கேட்டு முடித்ததும் நெஞ்சு லேசாகிற கதை ஒன்று சொல்கிறேன். 1947-ஆம் வருஷம் சித்திரையில், தூத்துக்குடித் துறைமுக ஆபீசில் அருணாசலவடிவின் இடது கையில் போட்ட டைபாய்டு ஊசி, உடன்குடியில் அவள் தெருவைச் சேர்ந்த இருபத்தேழு பேர் கையில் வீங்கியது.

வடிவின் புருஷன் தாணுலிங்கம் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தான். அவனுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு பத்து நாளாகிறது, கஞ்சி ஊட்ட ஆளில்லை, உடனே புறப்பட்டு வா என்று தந்தி வந்தது. கொழும்பில் அந்தக் காய்ச்சல் பரவியிருந்ததால் ஊசிச் சீட்டு இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்றுவதில்லை. துறைமுக டாக்டர் தேவபிரசாதம் நாசரேத்துக்காரர், நியாயமான மனுஷர், ஆனால் கறார். ஊசிக்குப் பயந்து தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்புகிற தந்திரம் மலிந்திருந்ததால், மூன்றாம் நாள் வீங்கிய கையைக் காட்டினால்தான் அவர் சீட்டில் முத்திரை குத்துவார்.

வடிவு ஊசி போட்டுக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஊர் திரும்பியபோது கை முழங்கைவரை கனத்துக் கிடந்தது. வீக்கம் என்று கண்டால் பனங்காட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சுண்ணாம்பையும் கருப்பட்டியையும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போடுவார்கள். கடல் தாண்டுகிறவளைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பதும் வழக்கம். ஆகவே பத்து வீட்டுப் பெண்கள் பத்துச் சிரட்டைகளில் பற்றுக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு தடவை தடவினார்கள். பொழுது சாய்வதற்குள் வடிவின் கை வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. வீக்கமும் காய்ச்சலும் தடவிய பத்துப் பேருக்கும் போய்ச் சேர்ந்தன. அடுத்த வீட்டு முத்துக்கனி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா வடிவு, ஒன் ஊசிய நீயே எடுத்துக்கோளா, என்னால ஒலக்கை பிடிக்க முடியல!" என்று கத்தினாள்.

மூன்றாம் நாள் டாக்டர் அந்த வழவழப்பான கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, ஊசி போட்டது ஒனக்கா, ஒன் தங்கச்சிக்கா?" என்றார்.

"எனக்குத்தான் அய்யா. வீக்கத்த எங்க தெருவுல வாங்கிட்டாவ."

டாக்டர் நம்பவில்லை. மறுபடி ஊசி போட்டார். அந்தக் கப்பல் போய்விட்டது. இந்தத் தடவை பற்று வேண்டாம் என்று வடிவு கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் பனையேறிகள் கள்ளங்கபடு இல்லாதவர்கள். பத்துப் பேர் தொட்டு ஆறிய கை நாம் தொட்டால் ஆறாதா என்று ஆணும் பெண்ணுமாகப் பதினாறு பேர் ஜன்னல் வழியாகக் கையைவிட்டுத் தடவிக் கொடுத்தார்கள். மறுநாள் பனையேற ஆள் இல்லை. அந்த வாரச் சந்தையில் கருப்பட்டி வரத்துக் குறைந்து விலை எட்டணா ஏறியது. இரண்டாவது கப்பலும் போய்விட்டது. காய்ச்சல் மூன்றாவது வாரத்தைத் தொட்டுவிட்டது என்று இன்னொரு தந்தி வந்தது. வடிவு அழவில்லை, மூன்றாவது ஊசிக்கு பஸ் ஏறினாள்.

இப்போது தெருவில் ஊசி வாங்காமல் மிச்சமிருந்தது அவள் மாமியார் சண்முகத்தாய் ஒருத்திதான். கிழவி இரண்டு கையையும் சேலை முந்தியில் இறுகச் சுற்றிக்கொண்டு மருமகளுக்கு மூன்று முழம் தள்ளியே உட்கார்ந்தாள். "எனக்குத் தொடத்தான் கை துடிக்கி. ஆனா நம்ம பிள்ள அங்கன கெடக்கான். நான் தொட்டு நீ நின்னுபோனா என்ன செய்ய?" என்றாள்.

இந்தத் தடவை வீக்கம் வடிவின் கையிலேயே தங்கியது. டாக்டர் முத்திரை குத்தினார். கப்பல் ஐந்தாறு மைல் தள்ளி ஆழத்தில் நின்றது. அதற்கு ஆள் கொண்டுபோகும் லாஞ்சு படித்துறையில் ஊதியது. அப்போதுதான் வழியனுப்ப வந்திருந்த சண்முகத்தாய்க்கு எல்லாம் மறந்துபோயிற்று. "என் பிள்ளைய கொண்டுவந்து சேத்திருளா" என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். டாக்டரின் கண்ணுக்கு முன்னாலேயே வீக்கம் வடிவின் கையிலிருந்து இறங்கிக் கிழவியின் கையில் ஏறியது.

வடிவு சீட்டைப் பார்த்தாள். முத்திரை முத்திரையாகத்தான் இருந்தது. அப்படியே ஏறிப் போயிருக்கலாம். லாஞ்சுக்காரர், "ஏ அம்மா, வாரியா இல்லியா? கப்பல் ஒனக்காவ நங்கூரம் போட்டுக் கெடக்காது!" என்று சத்தம் போட்டார். அவளோ படியேறித் திரும்பி வந்தாள். "டாக்டரய்யா, நானும் படுத்துட்டா அங்கன ரெண்டு பேருக்கும் யாரு கஞ்சி ஊத்துவா? எனக்குன்னு ஒண்ணு போடுங்க."

தேவபிரசாதம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஊசியை நிரப்பினார். "இன்னும் யாரும் பாக்கி உண்டா?"

"இல்ல அய்யா. எங்க தெருவுல இவ்வளவு பேருதான்."

அந்த நாலாவது ஊசி அவளோடு கடல் தாண்டியது. கப்பலில் முன்னூறு பேர் இடித்துக்கொண்டு படுத்திருந்தும் வீக்கம் அசையவில்லை. வீங்கிய கையை மடியில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் தாணுலிங்கத்துக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி ஊட்டினாள். எட்டாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்புக் காணாது என்று சண்டை போட்டான். அவள் சமையல்கட்டுக்குள் போய் அப்போதுதான் அழுதாள்.

அந்த ஆடியில் சுற்றுப்பட்டி ஊர்களில் எல்லாம் அதே காய்ச்சல் வந்தது. அந்தத் தெருவுக்குள் மட்டும் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஊசி போட வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் இருபத்தேழு கைகளிலும் வீங்கி ஆறிய தடத்தைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே போட்டாயிற்று" என்று எழுதிக்கொண்டு, முத்துக்கனி கொடுத்த பதநீரைக் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

உங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர் என்றும் தெளிந்திருக்கட்டும். உங்களில் புறப்பட்டுப் போகிறவர்கள் நல்லபடியாய்ப் போய்ச் சேரட்டும். நோயில் படுத்தவர்கள் எழுந்து உப்புக் கேட்கட்டும்.