தீப்பரோட்டாவுக்கு ஐந்து நட்சத்திரம்

கிழக்கு வெளுப்பதற்குள் கரியனின் முதுகில் வியர்வை ஓட ஆரம்பித்துவிடும். மைதா மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, உப்பும் எண்ணெயும் தண்ணீரும் விட்டு, முழங்கை வரைக்கும் மாவுக்குள் புதைய அவன் குத்திப் பிசைவான். சிமெண்டு மேடை அதிரும். இந்தப் பக்கம் நான் சாம்பார் அண்டாவுக்குக் கீழே வேலிகாத்தான் கட்டையைத் தள்ளி ஊதிக்கொண்டிருப்பேன். புகை கண்ணைப் பிடுங்கும். தொட்டியருகே இருசம்மாள் அடிப்பிடித்த குண்டானைச் சுரண்டுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கும். கள்ளக்குறிச்சிக்கு வெளியே சேலம் ரோட்டில், பஸ்காரர்கள் நிறுத்துகிற ஓட்டல் எங்களுடையது. எங்களுடையது என்று வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது. முதலாளி இளஞ்செழியனுடையது.

அன்றைக்குக் காலையில் சப்ளையர் குமார் பின்வாசலிலேயே நின்றான். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, வேலைக்கு வந்த கோலம். கால் மட்டும் உள்ளே வரவில்லை.

"இன்னாடா, அங்கியே நின்னுக்கினு கீற?" என்றேன்.

"நேத்து ஒத்த நட்சத்திரம் உழுந்துடுச்சு பெருசு. சாம்பாரு ஆறிப்போச்சுன்னு எவனோ போன்ல போட்டுட்டான். என் டேபிளு. இன்னிக்கு எனக்கு வேல இல்லியாம்."

"சாம்பாரு என்னுது. நீ இன்னாடா பண்ணுவ?"

"அத நட்சத்திரத்தாண்ட போயி சொல்லு."

கரியன் மாவிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஆள். பேச்சு கம்மி. சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும்.

இதுதான் ஓட்டலின் புதுச் சட்டம். நட்சத்திரம் குறைந்தால் பரிமாறியவனுக்கு மறுநாள் வேலை இல்லை, கூலியும் இல்லை. சாப்பாட்டு ஹாலில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். எவனாவது ஐந்து நட்சத்திரம் போட்டால் அவன் பெயரும் எழுதினதும் தானாக அதில் ஓடும். குறைவாகப் போட்டது அதில் வராது. டிவி வந்த புதிதில் எங்கள் எல்லோரையும் முதலாளி வரிசையில் நிறுத்தி, அவரவர் போனிலிருந்து ஐந்து போடவைத்தான். "வெறும் நட்சத்திரம் பத்தாது, ரெண்டு வார்த்த இருக்கணும். எழுதத் தெரியாதவங்க இந்த மைக்க அமுக்கிப் பேசுங்க, அதுவே எழுதிக்கும். அஞ்சு மட்டும் கொறையவே கூடாது. அஞ்சு இல்லாதத எவனும் படிக்கமாட்டான்" என்று சொல்லிக்கொடுத்தான். நானும் எதையோ பேசினேன். என் ஓட்டலுக்கு நானே சாட்சி.

முன்னே எங்கள் சோற்றுக்கு மார்க் போட்டவன் பேப்பர்காரன். ஞாயிற்றுக்கிழமை ஜில்லாப் பக்கத்தில், எந்த ஓட்டலில் என்ன தின்னலாம் என்று ஒரு பத்தி வரும். எழுதியவன் பெயர் அன்புச்செல்வன். சொல்லாமல் வருவான், மூலையில் உட்காருவான், காசு கொடுத்துத் தின்றுவிட்டுப் போய்விடுவான். ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது. அவனையும் நான் நம்பினதில்லை. பேப்பர் என்பது இன்னொரு முதலாளியின் கடை. ஆனால் ஒரு தடவை, "குருமா நன்று, அதைச் செய்கிறவர்கள் திறந்த சாக்கடைமேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்" என்று எழுதிவிட்டான். அடுத்த வாரமே சாக்கடைக்குக் கடப்பாக்கல் மூடி வந்தது. முதலாளிக்கு மனசு இளகி அல்ல. உள்ளே வருகிறவர்களில் எவன் பேப்பர்காரன் என்று தெரியாத பயம். அந்தப் பயம்தான் எங்களுக்குக் கிடைத்த லாபம். பிறகு அந்தப் பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதே இடத்தில் எங்கள் ஓட்டல் விளம்பரம், முதலாளி கைகூப்பி நிற்கிற படத்தோடு வந்தது. விளம்பரத்துக்குக் காசு வாங்க வந்தபோதுதான் அன்புச்செல்வன் முகமே எங்களுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் முதலாளி ஓர் ஆளைக் கூட்டிவந்தான். ஜெயப்பிரகாஷ் என்று பெயர். போனில் வீடியோ போட்டால் லட்சம் பேர் பார்ப்பார்களாம். வந்தவன் சாப்பிடவில்லை. பரோட்டாக் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"வெளிச்சம் வரல. அந்தத் தகரத்த எடுத்துடுங்க" என்றான்.

ரோட்டுக் காற்று அடுப்பில் அடிக்காமல் இருக்க வைத்த தகரம் அது. முதலாளி சொல்ல, கழற்றிப் போட்டார்கள்.

"மாஸ்டரு, இன்னிக்குத் தீப்பரோட்டா" என்றான் முதலாளி. "கல்லு மேல எண்ணெய ஊத்து, பத்தவை. நெருப்புக்கு நடுவுல பரோட்டாவத் தூக்கிப்போட்டுப் புடி. புடிக்கும்போது சிரி."

"பரோட்டாவுக்கு எதுக்குங்க தீ? கல்லு சூடு போதுமே" என்றான் கரியன்.

"தலைவா, ருசிய போன்ல காட்ட முடியாது. தீயக் காட்டலாம்" என்றான் வீடியோக்காரன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நீ இன்னும் ஒரு வாய் திங்கல. அதுக்குள்ள நல்லாக்கீதுன்னு எப்பிடிச் சொல்லுவ?"

"திங்கற மாதிரி அப்புறம் எடுத்துப்பேன் பெரியவரே."

முதல் தடவை தீ எழும்பியது. போதவில்லை என்றான். இன்னும் எண்ணெய் ஊற்றினார்கள். மறுபடி போதவில்லை. "நல்லா ஊத்துய்யா, கோழையாட்டம் ஊத்தற" என்று முதலாளி கத்தினான். கரியன் சாய்த்து ஊற்றினான். அந்த நேரம் ரோட்டில் ஒரு பஸ் விருட்டென்று கடந்தது. அதன் காற்று, தகரம் இல்லாத பக்கமாக உள்ளே புகுந்தது. தீ படுத்தது. படுத்த இடம் கரியனின் வலது கை.

அவன் கத்தவில்லை. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ போலப் பார்த்தான். இருசம்மாள்தான் ஓடிவந்து வாளித் தண்ணீரை அந்தக் கைமேல் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். தோல் சுருண்ட வாடை மாவு வாடையோடு கலந்து அடித்தது. வீடியோக்காரன் போனை இறக்காமலே, "பரவால்ல சார், அத மட்டும் கட் பண்ணிடலாம்" என்றான்.

கட் பண்ணிவிட்டான். கரியனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நானும், வேலை இல்லாமலே பின்வாசலில் நின்றிருந்த குமாரும் திரும்புவதற்குள் வீடியோ வந்துவிட்டது. தீ எழும்புகிறது, கரியன் சிரிக்கிறான், அதற்கப்புறம் ஜெயப்பிரகாஷ் வாயில் பரோட்டா.

மறுநாள் காலையில் காரில் வந்தவர்கள் எல்லோரும் தீப்பரோட்டா கேட்டார்கள். முதலாளி எங்களைச் சமையல்கட்டில் கூட்டினான்.

"ஆஸ்பத்திரியிலருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கு. மத்தியானம் ஏட்டு வருவாரு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். கரியன் சாராயம் குடிச்சுட்டு வந்தான், நெதானம் இல்ல, அவனே தீயில கைய உட்டுட்டான். அவ்ளோதான்."

"அவன் குடிக்கவே மாட்டானுங்க" என்றான் குமார். ஆள் குறைந்ததால் அவனை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள்.

"மலைக்காரன் குடிக்கமாட்டான்னா எவன்டா நம்புவான்? நாம பாதி சொன்னா போதும், கேக்கறவன் மீதிய அவனே சொல்லிப்பான்."

"குடிச்சான்னு சொன்னா இன்னா ஆவும்?" என்று நான் கேட்டேன்.

"என் பொறுப்பு இல்லன்னு ஆவும்."

"அப்ப அவன் கைக்கு?"

"மலைக்குப் போயி தெனைய வெதைக்கட்டும்."

"ஒத்தக் கையாலயா?"

"பெருசு, உனக்கு வாய் ஜாஸ்தி ஆயிடுச்சு. சொல்ல முடியாதவன் இப்பவே கணக்க முடிச்சிக்கினு கெளம்பலாம்."

கரியனின் பெண்சாதி செங்கம்மாள் காலையில்தான் போன் பண்ணியிருந்தாள். விரல் மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லையாம். பரோட்டா வீசுகிறவனுக்கு விரல் மடங்கவில்லை என்றால் பிழைப்பு போயிற்று. குடித்தான் என்றும் ஆகிவிட்டால் நஷ்டஈடும் போயிற்று. எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். இருந்தும் மௌனம். அந்த மௌனத்தை நான் நம்பவில்லை. எப்படியும் பக்கத்தில் நிற்கிறவன் சொல்லிவிடுவான், நான் மட்டும் எதற்கு வேலையை இழக்க வேண்டும் என்று ஒவ்வொருவனும் கணக்குப் போடுகிறான். எனக்கும் அந்தக் கணக்கு ஓடியது. இருசம்மாள் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

பத்து மணிவாக்கில் அன்புச்செல்வன் விளம்பரத்துக்காக வந்தான். அவனைச் சாம்பார் அண்டா பக்கத்தில் மடக்கினேன்.

"அந்தக் காலத்துல சாக்கடைய எழுதினியே. இப்ப இத எழுது."

நடந்ததைச் சொன்னேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"எங்கண்ணே எழுதறது? அந்தப் பக்கமே இல்ல. எனக்குச் சம்பளமும் இல்ல, வெளம்பரம் புடிச்சாத்தான் கமிஷன். உங்க மொதலாளிதான் ஜாஸ்தி குடுக்கறாரு."

"அப்ப நீயும் இந்த ஓட்டல்ல வேல பாக்கறவன்தான். வா, வந்து பாத்திரம் கழுவு."

அவன் முகம் செத்துப்போயிற்று. போகாமல் ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

சேலம் பஸ் வந்து ஹால் நிறைந்தது. இலை போட்டு, சோறு விழுந்துகொண்டிருந்த நேரம். டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திடீரென்று சத்தமாகப் படித்தாள். மேலே ஐந்து நட்சத்திரம் மஞ்சளாக மின்னியது. அய்யப்பன் என்று பெயர். கீழே இது:

"குருமா நல்லா இருக்கும் கரியன் குடிக்கல தகரத்த எடுக்க சொன்னது மொதலாளி எண்ணெய ஊத்து ஊத்துன்னு சொன்னதும் மொதலாளி கை வெந்து போச்சு அவன் குடிக்கல தண்ணி ஊத்தினது நான்தான்"

சாப்பிடுகிற கைகள் நின்றன. "யாரு கரியன்?" என்று ஒருவர் கேட்டார். "அந்தத் தீப்பரோட்டா ஆளுங்க" என்றான் குமார், சாம்பார் வாளியோடு நின்றபடி. முதலாளி கல்லாவிலிருந்து பாய்ந்துவந்து டிவி ஒயரைப் பிடுங்கினான். அதற்குள் பத்துப் பேர் போனில் படம் எடுத்துவிட்டார்கள்.

அவன் சமையல்கட்டுக்குள் வந்தான்.

"எவன்டா அய்யப்பன்?"

தொட்டிப் பக்கமிருந்து இருசம்மாள் சொன்னாள். "எம்புள்ள."

"உம்புள்ளைக்கு இங்க இன்னா வேல? வரச் சொல்லு அவன. இப்ப வரணும்."

"வரமாட்டான். எங்க கருணாபுரத்துல வந்து கேட்டுப் பாருங்க. அந்த வெஷச் சாராயத்துல செத்துப்போனவங்கள்ல அவனும் ஒருத்தன். இது அவன் போனு."

முதலாளி அவள் நீட்டிய போனைப் பார்த்தான்.

"சாராயம் இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்ங்க. கண்ணு தெரியலம்மா, கண்ணு தெரியலம்மான்னு எம்புள்ள தடவிக்கினு கெடந்தான், பாத்துக்கினு இருந்தவ நான். கரியன் மேல தண்ணி ஊத்தும்போது அவன் மூச்சு எம்மூஞ்சியிலதான் பட்டுச்சு. அந்த வாட இல்ல. செய்யாத குத்தத்த அவன் மேல போட, எம்புள்ளயக் கொன்னதுதானா கெடச்சுது உங்களுக்கு?"

"அதுக்கு ஏம்மா அஞ்சு நட்சத்திரம் போட்ட?" என்று அவளிடம் கேட்டேன்.

"அஞ்சு இல்லன்னா எவனும் படிக்கமாட்டான்னு இவருதான சொன்னாரு? அந்தப் பக்கம் யாரோ பெரிய ஆபீசரு ஒக்காந்து படிப்பாருன்னு நெனச்சேன். பேப்பருக்கு எழுதினா படிக்கற மாதிரி."

"வெளிய போ. இந்த நிமிஷமே போ" என்றான் முதலாளி. "மீதிப் பேரு வேலயப் பாருங்க. இல பாதியில நிக்குது."

இருசம்மாள் செருப்பைத் தேடினாள். குமார் வாளியைக் கீழே வைத்தான். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் கணக்கு வரும். குனிந்து அடுப்புக்குள்ளிருந்து எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றினேன். புகை சமையல்கட்டை நிறைத்தது. நிமிர்ந்து பார்த்தபோது தோசைக்கல் அணைந்திருந்தது. டீ பாய்லர் அணைந்திருந்தது. வெங்காயம் உரிக்கிற பெண்கள் அரிவாள்மனையைச் சாய்த்துவைத்துவிட்டு எழுந்திருந்தார்கள்.

"பெருசு, எங்கப்பா காலத்துலருந்து உன்ன வெச்சிருக்கோம்!"

"வெச்சிருக்கல. வேல வாங்கிக்கினு கீறீங்க."

வாசலில் பஸ் நிறுத்துமிடத்து நிழலில் போய் உட்கார்ந்தோம். கண்டக்டர் திட்டினார். பாதிச் சோற்றில் எழுந்த இரண்டு மூன்று பேர் திட்டினார்கள். டிவியைப் படித்த அம்மாள் மட்டும் எங்கள் பக்கத்தில் வந்து நின்று தண்ணீர் பாட்டிலை இருசம்மாளிடம் கொடுத்தாள். குமார் ஓட்டல் தொழிலாளர் சங்கத்துக்குப் போன் போட்டான். சங்கத்தையும் நான் நம்பாதவன். அன்றைக்கு அவன் போனைப் பிடுங்கி, "சீக்கிரம் வாங்க" என்று நானே சொன்னேன்.

அன்புச்செல்வன் தயங்கித் தயங்கி வந்தான்.

"எழுதி அனுப்பறேண்ணே. போடுவாங்களான்னு தெரியாது."

"போடமாட்டாங்க."

"அனுப்பறேன்."

நம்பவில்லை. இருந்தாலும் நகர்ந்து இடம் விட்டேன்.

ஏட்டு பைக்கில் வந்து இறங்கினார். முதலாளி ஓடிப்போய் வரவேற்று, "டேய், சாருக்கு ஒரு டீ" என்று பழக்கத்தில் கத்தினான். உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லை. ஏட்டு எங்களையும் ஆறிப்போன அடுப்பையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நடந்தப்ப பாத்தவங்க யாரு? ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."

"உள்ள வேணாங்க சார்" என்று இருசம்மாள் எழுந்தாள். "இங்கியே கேளுங்க. ஒருத்தர் சொல்றது எல்லாருக்கும் கேக்கட்டும்."

"சார், இது வேலயவிட்டு நிறுத்தின பொம்பள" என்றான் முதலாளி.

"அப்ப எங்க எல்லாரையும் நிறுத்தினதாவே வெச்சுக்கோ" என்றேன்.

ஏட்டு சலித்துக்கொண்டார். ரோட்டில் கூட்டம் சேர்வதைப் பார்த்தார். பைக் சீட்டின்மேல் காகிதத்தை விரித்து, பேனாவைத் திறந்தார்.

இருசம்மாள் முதலில் சொன்னாள். கை வெந்த இடம் வந்ததும் அவளுக்குக் குரல் எழவில்லை. அந்த இடத்திலிருந்து குமார் எடுத்தான். அவன் மூச்சு வாங்கியபோது நான் எடுத்தேன். பிறகு தோசை மாஸ்டர், பிறகு வெங்காயம் உரிக்கிற பெண்கள். "மெதுவா, மெதுவா சொல்லுங்கய்யா, எழுதணும்ல" என்றார் ஏட்டு. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் பறித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனோம்.