குறட்டால் திருகிய ஓவன்

அடுப்பு ரிப்பேர்தான் என் பிழைப்பு. போகிற வீட்டிலெல்லாம் கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். பற்றவைக்கும் முன் ஓவன் கதவைத் திறந்து பாருங்கள், வாடை வந்தால் தீக்குச்சியைத் தொடாதீர்கள் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று என் மனைவி முணுமுணுப்பாள்.

அவள் சொன்னது எங்கள் ஓவனை. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வீட்டு ஓவனில், திருகும் நாப் உடைந்துவிட்டது. கடையில் அந்த அளவு இல்லை. எங்கள் வீட்டு நாப்பைக் கழற்றி அங்கே மாட்டி நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன். எங்கள் ஓவனில் மொட்டைத் தண்டு மட்டும் மிஞ்சியது. குறட்டால் பிடித்துத் திருகிக்கொள்ளலாம் என்றேன். கேஸ் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும் என அவள் நாலு முறை கேட்டாள். மெக்கானிக் வீட்டில் இருந்துகொண்டு பயமா என்று நாலு முறையும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். தங்கைக்குக் கேக் செய்ய ஆசை. ஓவன் எரிகிறதா என்று நான்தான் குறட்டால் திருகிப் பற்றவைத்துப் பார்த்தேன். பிறகு திருப்பினேன், தீ அணைந்தது, கூடத்துக்குப் போய் அம்மாவோடும் அவர்களோடும் அரட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து மனைவி டீ போட, ஓவனுக்கு மேலேயே இருக்கும் அடுப்பைப் பற்றவைத்தாள். சளியில் அவளுக்கு மூக்கு அடைத்திருந்தது. குப்பென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஓவன் கதவு திறந்து கிடக்கிறது. அவள் புருவம் பொசுங்கி, வலது கை முழங்கை வரை சிவந்திருந்தது.

சிலிண்டரை மூடிவிட்டு அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். பிடித்தபடியே எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"பத்த வைக்கிறதுக்கு முன்னாடி கதவத் திறந்து பாருன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அறிவு வேணாம்?"

அவளுக்கு எப்போதுமே நிதானம் கிடையாது என்றாள் அம்மா. தங்கை தலையாட்டினாள். மனைவி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் குறட்டால் தண்டைத் திருகிப் பார்த்தேன். இன்னும் கால் சுற்று போய்த்தான் நின்றது. அதாவது நான் முழுதாக மூடவில்லை, தீ அணைந்த பிறகும் கேஸ் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

மருத்துவமனையில் நர்ஸ் விசாரித்தபோது, தன் கவனக்குறைவுதான் என்றாள் மனைவி. முதலில் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று நர்ஸ் அவளைக் கடிந்துகொண்டாள்.

"மெக்கானிக்கே நான்தாங்க," என்றேன். "நான்தான் சரியா மூடல."

நர்ஸ் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கட்டுப் போட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வெளியே வந்ததும் மனைவி நின்றாள்.

"அந்தம்மாவுக்கு என்னை யாருன்னே தெரியாது. யார் முன்னாடி என்னைத் திட்டுனீங்களோ அங்க சொல்லுங்க."

வீட்டில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன். நாப்பைக் கழற்றியது, மூடாமல் விட்டது, தெரிந்தும் மறைத்தது எல்லாவற்றையும். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

அம்மா எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள்.

"விடுப்பா. ஆயிரம் வேலை உனக்கு. மறந்திருப்ப."

மனைவி கட்டுப்போட்ட கையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.