மழைப் பாட்டு என்றுதான் சொன்னேன்

எனக்கு இந்தி தெரியும். இது நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தொலைக்காட்சியில் இந்திப் படம் போட்டால் கீழே மலாய் எழுத்து ஓடும். அந்த எழுத்தைப் படித்துப் படித்தே, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தி கற்றுக்கொண்டவள் நான். கதாநாயகனின் அம்மா என்ன சொல்லி அழுவாள், வில்லன் என்ன சொல்லி மிரட்டுவான், எல்லாம் இப்போது எழுத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு ரமணி அக்காவுக்குப் படத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்.

ஒரே ஒரு குறை. பாட்டு வந்துவிட்டால் கீழே எழுத்து நின்றுவிடும். பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களும் இல்லை.

என் வீட்டுக்காரர் தயாளன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பழைய தமிழ்ப் பாட்டைத் தவிர வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. நான் இந்திப் படம் பார்த்தால் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவார்.

இந்த வருடம் கெலுகோரில் ஷஹீரா நடத்தும் சூம்பா நடன வகுப்பில் சேர்ந்தேன். எல்லாம் புதுப் படப் பாட்டு, உடம்பு தானாக ஆடும். அதில் ஒரு பாட்டு என்னை ஒட்டிக்கொண்டது. பாத்திரம் கழுவும்போது வாய் அதையே பாடும். ஒரு நாள் என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னா பாட்டு அது?"

"இந்திப் பாட்டு. புதுப் படம்."

"என்னா அர்த்தம்?"

இத்தனை வருடம் இந்தி தெரிந்தவள் என்று பேர் வாங்கிவிட்டு, தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"மழை வரப்போகுதுன்னு பாடுறாங்க. மழைப் பாட்டு," என்றேன்.

"ஓ," என்று தலையாட்டிவிட்டுப் போனார். நானும் மறந்துவிட்டேன்.

பிறகுதான் அவர் போக்கு மாறியது. வேலை முடிந்து வந்தால் கார் கீழே நிற்கும், ஆள் மேலே வரமாட்டார். தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் குப்பை கொட்டும் சாக்கில் இறங்கிப் போய்ச் சட்டென்று கார் கதவைத் திறந்தேன். உள்ளே என் சூம்பாப் பாட்டு, ஒரே வரி திரும்பத் திரும்ப! பட்டென்று அணைத்தார்.

"ரேடியோ லா," என்றார்.

என்னிடமே காதில் பூ சுற்றுகிறார். ரேடியோவில் ஒரே வரியை யாராவது திரும்பத் திரும்பப் போடுவார்களா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு மனிதருக்கு என் ரசனை பிடித்துவிட்டது என்று நினைத்து, ராத்திரி அவருக்குப் பிடித்த நெத்திலி சம்பல் வைத்தேன்.

அந்தச் சந்தோஷம் பெட்ரோல் நிலையத்தில் போனது. பணம் கட்ட அவர் கவுண்டருக்குப் போயிருந்தார். போன் முன்னால் மாட்டியிருந்தது. 'ஜஸ்பீர்' என்ற பேரில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. அவர் போனைத் தொடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் தொட்டேன்.

கார் முழுக்க ஒரு பெண் குரல். மலாயில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "என் அழகா, உன்னை நினைத்து ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. யாருக்கும் தெரியாமல் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். அவர் வந்து பெட்ரோல் போட்டார், ஏறினார், "என்னா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். வெயில் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. முடி வெட்டிக்கொண்டு வந்தால், யாருக்காக? சட்டையைத் தானே இஸ்திரி போட்டால், எதற்காக? நானே வாங்கிக் கொடுத்த சென்டு கூட வேறு வாசம் அடித்தது. அவரும் சும்மா இல்லை. நான் சூம்பாவுக்குக் கிளம்பினால் காலணி மாட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். என்றைக்கும் இல்லாத திருநாளாக "நான் கொண்டுபோய் விடவா?" என்றார். நான் வீட்டில் இல்லாத நேரத்தைக் கணக்குப் பண்ணுகிறார் என்று நினைத்து நான் இன்னும் வெந்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஷஹீராவைப் பிடித்தேன். "இந்தப் பாட்டு ஆம்பளைங்க கேக்குற பாட்டா?"

"எல்லாரும் கேப்பாங்க அக்கா. ஆனா அர்த்தம் எனக்கே தெரியாது. பஞ்சாபி இல்லையா."

"இந்திப் படத்துல வந்த பாட்டுதானே?"

"படம்தான் இந்தி. பாட்டு பஞ்சாபி. இப்ப வர்ற இந்திப் படத்துல பாதிப் பாட்டு அப்படித்தானே அக்கா. கல்யாணம்னா பஞ்சாபி, காதல்னா பஞ்சாபி, குடிச்சிட்டு ஆடினாலும் பஞ்சாபி. நாம ஆடுறதுல நல்ல இந்திப் பாட்டு ரெண்டு தேறாது."

என் இந்திப் புலமை அங்கேயே நொண்டியது. ஆனால் அதைப் பற்றி வருத்தப்பட நேரமில்லை.

"ஜஸ்பீர்ங்கிறது?"

"பஞ்சாபிப் பேரு அக்கா."

முடிந்தது. பஞ்சாபிப் பெண், பஞ்சாபிப் பாட்டு, பூட்டிய காருக்குள் உதட்டசைவு. என் பாட்டையே எடுத்து அவளுக்குப் பாடக் கற்றுக்கொள்கிறாரே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. வேறு பாட்டே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஜஸ்பீர் யாரு?"

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்தார். பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"எங்க தரப் பரிசோதனையில வேலை செய்யுது. நீ சொல்லு, அந்த அழகன் யாரு?"

"எந்த அழகன்?"

போனை என் கையில் திணித்தார். "மேல தள்ளிக் கேளு."

தள்ளினேன். முதல் பதிவு அவர் அனுப்பியது. குழாய்த் தண்ணீர் சத்தம், தட்டுகள் மோதும் சத்தம், நடுவில் ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு பாடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என் குரல் என்று தெரிந்தது. அதற்குக் கீழே, 'இது என்னா அர்த்தம்?' என்று மலாயில் கேட்டிருந்தார். அவள் வரி வரியாக அர்த்தம் சொல்லியிருந்தாள். பெட்ரோல் நிலையத்தில் நான் கேட்டது அதன் கடைசி வரி.

சமையலறைச் சுவருக்குப் பின்னால் போனை நீட்டிக்கொண்டு என் புருஷன் நின்றிருக்கிறார். முகம் எரிந்தது எனக்கு.

"திருட்டுத்தனமா பதிவு பண்ணியிருக்கீங்க. என்கிட்டயே கேட்டா என்னா?"

"கேட்டேன் லா! மழைன்னு சொன்னே. எங்க இருக்கு இதுல மழை? ஏன் மறைச்சே?"

எனக்கு இந்தி தெரியாது என்று சொன்னால் முடிந்தது. வாய் வரவில்லை. கள்ளக்காதலன் இருக்கிறான் என்று புருஷன் சந்தேகப்படும் நேரத்திலும், தெரியாது என்று ஒப்புக்கொள்வதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இப்படியும் ஒரு பிறவி!

"தெரியாமத்தான் சொன்னேன்," என்றேன் கடைசியில். "பாட்டு வந்தா கீழ எழுத்து வராது. எனக்கு ஒண்ணும் புரியாது."

"அப்ப யாருக்குப் பாடினே?"

"சட்டி பானைக்கு!"

என்னைப் பார்த்தபடியே இருந்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்தார், நானும் சிரித்தேன், ரமணி அக்காவிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்தே சாப்பிட்டோம். அதற்குப் பிறகு நான் சமையலறையில் பாடுவதில்லை. வாயைத் திறந்தால் சுவருக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து பாட்டு வந்தது. என் பாட்டு. நான் பாடுவதுபோல் குத்துமதிப்பாக இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுபோல் இருந்தது. பெட்ரோல் நிலையத்தில் நான் கேட்ட குரல் நிறுத்தி நிதானமாகச் சொன்னதே, அதே நிதானம்.

குழாயை மூடிவிட்டுப் போய் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"என்னா பாட்டு அது?"

"புதுப் படம் லா. இந்திப் பாட்டு."

"என்னா அர்த்தம்?"

உள்ளே தண்ணீர் நின்றது.

"மழைப் பாட்டு," என்றார்.