ஒரே மழைக்கு இரண்டு விடை

ஆறு எவ்வளவு உயரும் என்ற கணக்கைக் கணினியில் ஓட்டினேன்; முதல் முறை 6.20 மீட்டர் என்று வந்தது. இரண்டாம் முறை 7.05. மழையளவு, மேலணை நீர்வரத்து, எதையும் நான் மாற்றவில்லை. ஆற்றங்கரையின் உயரம் 6.60. அதைத் தாண்டினால் தண்ணீர் கீழ்ப்பேட்டைக்குள் போகும்.

பிற்பகல் மணி இரண்டு பத்து. கீழ்ப்பேட்டையைக் காலி செய்வதா என்று மூன்று மணிக்குள் நகரத் தலைவருக்குச் சொல்ல வேண்டும். நான்கு மணிக்குப் பாலத்தடிச் சாலை மூழ்கிவிடும். பிறகு பேருந்து உள்ளே போகாது.

"கம்ப்யூட்டர்ல நீ போட்ட ராம்தான் காரணம் கூமே," என்றேன்.

ரதோய்கோ நிமிரவில்லை. அவன் என் மகனுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் அவன் எனக்குக் கூம், நான் அவனுக்குக் கூமா. வெள்ளக் கணக்குக்கு நினைவகம் போதவில்லை என்று மூன்று வருடம் எழுதிக் கேட்டும் அலுவலகம் தரவில்லை. அவன் அன்று காலையில் தன் கணினிக் கடையிலிருந்து இரண்டு ராம் நினைவகப் பலகைகளைக் கொண்டுவந்து, பழைய இரண்டின் பக்கத்தில் செருகினான். கூம் கொடுத்ததை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

"என் ராம் நல்ல ராம் கூமா. உன் கணக்குலதான் ஓட்டை."

"ஓட்டைன்னாலும் ரெண்டு தடவையும் ஒரே ஓட்டையா இருக்கணும்ல?"

கணினியை அணைத்து மூடியைக் கழற்றினான். புதியவற்றைப் பிடுங்கினான். பழையவை மட்டும் ஓடின. இடம் போதாமல் கணக்கு நின்றது. பழையவற்றை எடுத்துப் புதியவற்றைப் போட்டான். அதேபோல் ஓடி, அதேபோல் நின்றது.

"பாத்தியா? தனித்தனியா ரெண்டும் தங்கம். சேத்தாதான் வம்பு. நீயும் உன் மாமியாரும் மாதிரி."

"மாமியார் பொய் சொல்ல மாட்டா."

தொலைபேசி அடித்தது. தலைவர்.

"விதோசவா, ஆறு பஸ் நிக்குது. டிரைவருங்க என்னைத் திட்டுறானுங்க. தண்ணி வருமா, வராதா?"

"மூணு மணிக்குச் சொல்றேன் தலைவரே."

"ஆறு இருபது மீட்டர்தான்னு கீழ்ப்பேட்டை பூரா பேச்சு. ஒருத்தனும் கிளம்ப மாட்டேங்கிறான்."

வைத்துவிட்டு ரதோய்கோவைப் பார்த்தேன். அவன் வீடு கீழ்ப்பேட்டையில், கரையிலிருந்து இரண்டாவது வரிசை.

"யகோதா போன் பண்ணினா. சொன்னேன்," என்றான்.

"ஏழு அஞ்சையும் சொன்னியா?"

"பொண்டாட்டிகிட்ட நல்லதைத்தானே சொல்லணும்."

நான்கையும் திரும்பச் செருகினான். மணி இரண்டு முப்பத்திரண்டு.

"செட்டிங்ஸ்ல எதையாவது தொட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"தொட்டியா?"

"இல்லைங்கிறேன்ல."

கணினியைப் போட்டு, அது விழிக்கும்போதே அமைப்புத் திரைக்குள் நுழைந்தேன். நினைவக வேகம் 3200. பழைய ராம்களின் ஒட்டுச்சீட்டில் 2400 என்று இருந்தது; அதற்கு மேல் ஓட்டினால் அவை எண்களைத் தப்பாக வைத்திருக்கும்.

"கூமே."

அவன் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான்.

"நான்தான் ஏத்துனேன். புதுசு போட்டும் பழைய வேகமே இருந்தா, கூம் என்னத்தக் கொடுத்தான்னு நெனைப்பியேன்னு."

2400 என்று மாற்றிக் கணக்கை ஓட்டினேன். ஒரு ஓட்டத்துக்கு இருபது நிமிடம். ஜன்னலில் மழை.

இரண்டு ஐம்பத்தாறு. 6.90.

இன்னொரு முறை ஓட்டினால்தான் நம்பலாம். அதற்கு நேரமில்லை. காலையில் 6.20-உம் இப்படித்தான் திரையில் நின்றது.

ரதோய்கோ தன் கைபேசியை எடுத்தான்.

"யகோதா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு முதல் பஸ்ல ஏறு. இல்ல, நான் சொன்னது தப்பு. ஆமா, தப்புதான். பக்கத்து வீட்டுலயும் சொல்லு, நான் தப்பாச் சொன்னேன்னு. ஃப்ரிட்ஜ் கெடக்கட்டும்டி."

நான் தலைவரைக் கூப்பிட்டேன்.

"அனுப்புங்க."

"உறுதியா?"

"ஒரு தடவைதான் ஓட்ட முடிஞ்சது. அனுப்புங்க."

இரண்டாம் ஓட்டத்தைத் தொடங்கினேன். ஜன்னலுக்கு வெளியே, கீழே பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தடியில் இறங்கின. எண்ணினேன். ஆறு. மூன்று பதினைந்துக்கு முதல் பேருந்து நிறைந்து மேலே ஏறியது.

மூன்று பதினெட்டு. 6.90.

ரதோய்கோ அந்த எண்ணைப் பார்த்தான்.

"ஃப்ரிட்ஜ் போச்சு," என்றான்.